இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில்

ஒரு விமான நிலையம் எவ்வளவு நீளம் என்பதை முடிவு செய்வது விமானத்தின் இறக்கைதான். 1950களின் கடைசியில் வந்த போயிங் 707-இன் இறக்கை நுனிக்கு நுனி ஏறக்குறைய 40 மீட்டர். 1970 ஜனவரியில் பயணிகள் சேவைக்கு வந்த 747-க்கு அது 60 மீட்டர் ஆனது. பிற்பாடு வந்த ஏர்பஸ் ஏ380-க்கு 80 மீட்டர். அருகருகே நிற்கும் பெரிய விமானங்களின் இறக்கை நுனிகளுக்கு நடுவே குறைந்தது 7.5 மீட்டர் இடம் விட வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆகவே பத்து 747 விமானங்களை வரிசையாக நிறுத்த வேண்டுமானால் கட்டடம் கிட்டத்தட்ட 700 மீட்டர் நீண்டாக வேண்டும்.

கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் கடந்தால் நல்ல நடை. அந்த 700 மீட்டரைக் கடக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆகும். மூட்டுவலிக்காரப் பாட்டி கூட வந்தால் இருபது. அதுவும் ஒரே கட்டடத்துக்குள் நடப்பதற்கு மட்டும்தான். இறங்கிய விமானம் ஒரு கட்டடத்திலும் ஏற வேண்டிய விமானம் இன்னொன்றிலும் இருந்துவிட்டால், நடுவில் விமானங்கள் ஊர்ந்து போகும் பாதைகளும் குறுக்கே வந்துவிடும். அவற்றை யாரும் நடந்து கடக்க முடியாது.

1960களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து டாம்பா நகரில் புதிய விமான நிலையம் ஒன்றைத் திட்டமிட்டவர்கள் இந்தச் சிக்கலை வேறு முனையிலிருந்து பிடித்தார்கள். கட்டடம் எவ்வளவு பெரியது என்று தொடங்காமல், பயணி எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று முதலில் முடிவு செய்தார்கள். காரை விட்டு இறங்கியவர் விமானத்தில் ஏறும்வரை மொத்தமாக 700 அடிக்கு மேல், அதாவது சுமார் 210 மீட்டருக்கு மேல், நடக்கக் கூடாது. அதற்குள் அடங்கும் ஒரே வழி, விமான நிலையத்தை இரண்டாகப் பிளப்பது. டிக்கெட், பெட்டி, கார் நிறுத்தம் எல்லாம் நடுவில் ஒரே கட்டடத்தில். விமானங்கள் நிற்கும் சிறு கட்டடங்கள் அதைச் சுற்றித் தள்ளித் தள்ளி. இடையே உள்ள சில நூறு மீட்டரை ஓட்டுநர் இல்லாத ஒரு வண்டி கடக்கும்.

அந்த வண்டிக்கு ஒரு முன்கதை உண்டு. மின்சாரக் கருவிகளுக்குப் பெயர்போன வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம், பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே சவுத் பார்க் என்ற இடத்தில் 1965-66 வாக்கில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வளையப் பாதை ஒன்றை அமைத்து, ரப்பர் சக்கரத்தில் தானாக ஓடும் ஊர்தியைச் சோதித்தது. ஸ்கைபஸ் என்று அதற்குப் பெயர். நகரப் போக்குவரத்தின் எதிர்காலம் இதுதான் என்று நிறுவனம் நம்பியது. நகரமோ நம்பவில்லை. ஆண்டுக்கணக்கில் அரசியல் சண்டையும் வழக்குமாக இழுத்து, 1970களில் திட்டம் கைவிடப்பட்டது. ஓட்டுநர் இல்லாத வண்டியைத் தன் தெருக்களுக்கு மேலே ஓடவிட பிட்ஸ்பர்க் தயாராக இல்லை.

விமான நிலையம் தயாராக இருந்தது. அங்கே குறுக்கே வர மாடோ காரோ இல்லை; பாதை முழுக்க நிர்வாகத்தின் கையில்; போகும் தூரம் குறைவு; யாருடைய வீட்டு ஜன்னலையும் உரசிக்கொண்டு போக வேண்டியதில்லை. 1971 ஏப்ரல் 15 அன்று டாம்பாவின் புதிய முனையம் திறந்தபோது, உலகில் ஒரு விமான நிலையத்துக்குள் ஓடிய முதல் தானியங்கி ஊர்தி அதுதான். 1973-இல் சியாட்டில் அதையே நிலத்தடியில் ஓடவிட்டது. 1974-இல் டல்லாஸ், 1980-இல் அட்லாண்டா. ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து கற்றுக்கொண்டது.

டாம்பாவின் வண்டியைப் படுக்கையில் போட்ட லிஃப்ட் என்று சொல்வது மிகப் பொருத்தம். நடைமேடையில் ஒரு கதவு, வண்டியில் ஒரு கதவு, இரண்டும் நேருக்கு நேர் வந்தால்தான் திறக்கும். நேர அட்டவணை கிடையாது. டிக்கெட் கிடையாது. உட்கார இடம் தேடுவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். லிஃப்ட் செய்து பேர் வாங்கிய ஓட்டிஸ் நிறுவனமே பிற்பாடு இத்தகைய விமான நிலைய ஊர்திகளைச் செய்யத் தொடங்கியதில் வியப்பில்லை. லிஃப்ட் வராமல் இருபது மாடிக் கட்டடத்தை யாரும் கட்டியிருக்க மாட்டார்கள். அதுபோலத்தான் இந்த ரயில் இல்லாமல் இன்றைய பெரும் விமான நிலையங்களின் வரைபடமே சாத்தியமில்லை.

வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால் வழக்கமான ரயிலின் தடயம் எதுவும் இருக்காது. இரும்புத் தண்டவாளத்துக்குப் பதில் இரண்டு கான்கிரீட் பட்டைகள். அவற்றின் மேல் லாரிக்குப் போடுவது போன்ற ரப்பர் டயர்கள். பாதையின் நடுவே ஓர் எஃகு உத்தரம் நெடுக ஓடுகிறது. வண்டியின் அடியிலிருந்து இறங்கும் சிறு வழிகாட்டிச் சக்கரங்கள் அந்த உத்தரத்தை இருபுறமும் படுக்கைவாக்கில் கவ்விப் பிடித்திருக்கும். எடையைத் தாங்குவது டயர், திசையைக் காட்டுவது நடு உத்தரம். வளைவில் வண்டி சாயப் பார்த்தாலும் பிடி விடாது. மின்சாரமும் அதே நடுப்பகுதியில் பதித்த கம்பிகளிலிருந்து வருகிறது. கான்கிரீட்டில் ரப்பருக்கு நல்ல பிடிமானம் இருப்பதால், ஓடுபாதைக்கு அடியில் இறங்கி மறுபுறம் ஏறும் செங்குத்தான சரிவுகளைக்கூட இந்த வண்டி எளிதாகச் சமாளிக்கும். எஃகுச் சக்கரம் அங்கே திணறும்.

பிரேக்கின் தத்துவம் இன்னும் முக்கியமானது. காரில் நாம் மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். இங்கே தலைகீழ். பிரேக் எப்போதும் பிடித்திருக்க விரும்புகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்ற சமிக்ஞை தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்வரை மட்டும் அதை விலக்கி வைத்திருக்கிறார்கள். மின்சாரம் போனால், சமிக்ஞை அறுந்தால், கணினி குழம்பினால், யாரும் எதுவும் செய்யாமலே வண்டி நின்றுவிடும். ஓட்டுநரின் இடத்தில் நிற்பது ஒரு கணினி என்று சொல்வது பாதி உண்மைதான். ஒன்று வண்டியை ஓட்டும். இன்னொன்று ஓட்டுவதில் தலையிடாமல் வேகத்தையும் இடைவெளியையும் கதவையும் கண்காணித்து, வரம்பு மீறினால் பிரேக்கை விடுவிக்க மறுக்கும். ஓட்டும் பொறுப்பையும் தடுக்கும் பொறுப்பையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை என்பது இந்தத் துறையின் ஆதார விதி. மனிதர்கள் இல்லாமலில்லை. தொலைவில் ஒரு கட்டுப்பாட்டு அறையில் சிலர் திரைகளுக்கு முன் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வேலை ஓட்டுவது அல்ல. எது நின்றுபோனது, எதை எந்தப் பாதையில் திருப்புவது என்று பார்ப்பது.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் வேகம். விமான நிலைய ரயில் ஏன் இன்னும் வேகமாகப் போகக் கூடாது?

ஒரு எளிய கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டு நிலையங்களுக்கு நடுவே 300 மீட்டர். பையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் தடுமாறாமல் இருக்க வேண்டுமானால், ஒவ்வொரு விநாடியும் வேகத்தை விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ கூடாது. உச்ச வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்தால், அந்த வேகத்தை எட்டவே 12.5 விநாடியும் 78 மீட்டரும் போய்விடும். நிறுத்தவும் அதே அளவு. நடுவில் மிச்சமிருக்கும் 144 மீட்டரைத்தான் முழு வேகத்தில் ஓடலாம். மொத்தம் சுமார் 36.5 விநாடி. இப்போது பணத்தைக் கொட்டி உச்ச வேகத்தை 60 ஆக்குவோம். வண்டி அந்த வேகத்தைத் தொட்டவுடனேயே பிரேக் பிடிக்க வேண்டிவரும். மொத்த நேரம் 35 விநாடிக்குச் சற்றுக் குறைவு. மிச்சமானது இரண்டே விநாடி.

அதே பணத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்பதை இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று மாற்றிப் பாருங்கள். சராசரிக் காத்திருப்பு இரண்டரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடமாக இறங்கும். பயணிக்குத் தொண்ணூறு விநாடி லாபம். கதவு மூடும்போது ஓடிவந்து கோட்டைவிட்டவர்கூடப் பதற்றப்பட மாட்டார். அடுத்தது வந்துகொண்டிருக்கிறது என்று தெரியும். விமான நிலைய ரயிலின் தரத்தை அளக்க ஒரே ஒரு எண்தான் வேண்டுமென்றால், ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கேட்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்த இடைவெளியைக் குறைக்கவிடாமல் தடுப்பவை எதிர்பாராத இடங்களில் இருக்கின்றன. ஒன்று கதவு. ஒரு முதுகுப்பையின் வார் கதவிடுக்கில் சிக்கினால் கதவு மறுபடி திறக்கும், மறுபடி மூடும். பத்து விநாடி போச்சு. அதற்குள் பின்னால் வரும் ரயில் வேகத்தைக் குறைத்திருக்கும், அதற்குப் பின்னால் வருவதும். இதனாலேயே சில நிலையங்களில் வண்டியின் ஒரு பக்கம் இறங்கவும் மறுபக்கம் ஏறவும் என்று இரண்டு நடைமேடை கட்டுகிறார்கள். இறங்குபவரும் ஏறுபவரும் வாசலில் முட்டிக்கொள்வதில்லை. இன்னொரு தடை, கடைசி நிலையத்தில் ரயில் பாதை மாறித் திரும்ப எடுக்கும் நேரம். ஒரு ரயில் திரும்பி விலகும்வரை அடுத்தது உள்ளே வர முடியாது. ஒரு ரயிலில் 300 பேர் என்று கொண்டால், இரண்டு நிமிட இடைவெளியில் மணிக்கு 9,000 பேர் போகலாம். தொண்ணூறு விநாடியாகச் சுருக்கினால் 12,000 பேர். வண்டியின் வேகம் துளியும் கூடவில்லை. அட்லாண்டாவில் அண்மை ஆண்டுகளில் உள்நாட்டு முனையத்துக்கு அப்பால் சுரங்கத்தை நீட்டியது இதற்காகத்தான். அந்த நீட்சியில் புதிய நிலையம் எதுவும் இல்லை. ரயில் திரும்புவதற்கு இடம், அவ்வளவே.

அட்லாண்டாவில் சற்று நின்று பார்க்க வேண்டும். உலகில் மிக அதிகப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் என்ற இடத்தை 1998 முதல் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஆண்டும் தக்கவைத்திருப்பது அதுதான். கொரோனா ஆண்டான 2020-இல் மட்டும் சீனத்தின் குவாங்சோ முந்தியது. அட்லாண்டாவுக்கு வருபவர்களில் பெரும்பங்கினர் அந்த ஊருக்கு வருபவர்களே அல்ல. ஒரு விமானத்தில் இறங்கி இன்னொன்றில் ஏறுபவர்கள். அதற்கேற்பவே 1980 செப்டம்பரில் திறந்த வளாகம் வடிவமைக்கப்பட்டது. நீண்ட கட்டடங்கள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றன. விமானங்கள் எளிதாக நுழைந்து வெளியேற, கட்டடங்களுக்கு நடுவே ஏறக்குறைய 300 மீட்டர் வெட்டவெளி. எல்லாவற்றையும் நிலத்துக்கு அடியில் ஒரே நேர்கோட்டில் தைத்துக்கொண்டு போகிறது பிளேன் டிரெயின் எனப்படும் ரயில். நாளொன்றுக்கு இரண்டு லட்சம் பேருக்கு மேல் இதில் போகிறார்கள். பல நாடுகளின் தலைநகர மெட்ரோக்களில் ஒரு தடத்தில் போகும் கூட்டம் இது. தொடக்க நாட்களில் அறிவிப்புகளை ஓர் இயந்திரக் குரல் படித்தது. பயணிகளுக்கு அது கிலி ஊட்டியதால் பிறகு மனிதக் குரலுக்கு மாற்றினார்கள்.

அட்லாண்டாவின் திட்டமிடலில் மிகவும் போற்ற வேண்டியது ரயில் அல்ல. இரண்டு ரயில் சுரங்கங்களுக்கும் நடுவே ஓர் அகலமான நடைபாதை, நகரும் நடைபாதைகளுடன், முதல் நாளிலிருந்தே இருக்கிறது. ரயில் நின்றால் மக்கள் நடக்கலாம். நடக்கப் பிடித்தவர்கள் எப்போதும் நடக்கலாம்.

2017 டிசம்பர் 17 அன்று அதன் அருமை தெரிந்தது. நிலத்தடி மின்நிலையம் ஒன்றில் தீப்பிடித்து, கிறிஸ்துமஸ் நெரிசல் தொடங்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விமான நிலையம் முழுவதும் இருண்டது. சுமார் 11 மணி நேரம் மின்சாரம் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. ரயிலும் நின்றது. ஆனால் சுரங்கத்து நடைபாதை வழியாக மக்கள் வெளியேற முடிந்தது. அந்த நிகழ்வில் பொறியாளர்கள் இன்றும் எடுத்துப் பேசும் பாடம் வேறொன்று. அங்கே மாற்று மின் ஏற்பாடு இல்லாமலில்லை. மாற்று இணைப்பின் கேபிள்கள் முதன்மை இணைப்பின் பக்கத்திலேயே போடப்பட்டிருந்தன. ஒரே தீ இரண்டையும் சேர்த்துப் பொசுக்கிவிட்டது. காகிதத்தில் இரண்டு வழி இருந்தது, நிலத்தில் ஒன்றுதான். இரண்டாவது வழி என்று ஒன்றை எழுதும் எவரும், முதல் வழி எதனால் சாகுமோ அதனால் இது சாகாது என்று காட்டியாக வேண்டும்.

டென்வரில் அந்த இரண்டாவது வழியே இல்லை. 1995 பிப்ரவரியில் திறந்த அந்த விமான நிலையத்தில் ஏ, பி, சி என்று மூன்று கட்டடங்கள். ஏ-வுக்கு மட்டும் முனையத்திலிருந்து ஒரு பாலம் உண்டு. மற்ற இரண்டுக்கும் பயணிகள் போகச் சுரங்க ரயில்தான் கதி. 1998 ஏப்ரலில் ஒரு நாள், சுரங்கத்தில் ரயில்களை வழிநடத்தும் கேபிள் ஒன்று சேதமாகி, ரயில் ஏழு மணி நேரம் ஓடவில்லை. ஆயிரக்கணக்கானோர் தங்கள் விமானத்தைக் கண்ணால் பார்க்கக்கூட முடியாமல் முனையத்தில் தேங்கினார்கள். பேருந்துகளைத் திரட்டி ஓடுதளத்து வழியாக ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது. அதே சுரங்கத்தின் சுவரில் 5,280 சிறு காற்றாடிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ரயில் கடக்கும்போது எழும் காற்றில் அவை சுழலும். ஒரு மைலுக்கு எத்தனை அடியோ அத்தனை காற்றாடி. மைல் உயர நகரம் என்பது டென்வரின் செல்லப்பெயர். இவ்வளவு அழகாக யோசித்தவர்கள் பக்கத்திலேயே ஒரு நடைபாதையையும் யோசித்திருக்கலாம்.

தமிழ்ப் பயணிகளுக்கு நன்கு பழக்கமான ரயில் கோலாலம்பூரில் இருக்கிறது. சென்னையிலிருந்து மலேசியா ஏர்லைன்ஸில் போய், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கோ ஜப்பானுக்கோ மாறியவர்கள் ஏரோடிரெயினில் ஏறியிருப்பார்கள். 1998 ஜூனில் திறந்த இந்த விமான நிலையத்தை வடிவமைத்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா. பிரதான முனையத்துக்கு வெளியே, விமானங்களின் நடுவே, சிலுவை வடிவில் தனியே நிற்கிறது சாட்டிலைட் கட்டடம். அதன் நடுவில் ஒரு துண்டு மழைக்காட்டையே வளர்த்திருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல்; விமானங்கள் ஊரும் பாதைக்கு அடியில் புகுந்து எழும் இரட்டைப் பாதை. பயண நேரம் மூன்று நிமிடத்துக்குள்.

கால் நூற்றாண்டு ஓடிய வண்டிகள் தளர்ந்தன. 2023 மார்ச் 1 இரவு ரயில் நடுவழியில் நின்றுவிட, 114 பயணிகள் இறங்கிப் பாதையோரமாகப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். மறுநாளே சேவை நிறுத்தப்பட்டது. அதன் பிறகு எல்லோருக்கும் பேருந்து. மாற்று வண்டிகளுக்கான ஒப்பந்தம் ஒருமுறை முறிந்து மறுபடி கொடுக்கப்பட்டது. ஆல்ஸ்டம் நிறுவனத்தின் புதிய ரயில்கள் ஓடத் தொடங்கியது 2025 ஜூலை 1 அன்றுதான். இடையே இரண்டு ஆண்டு நான்கு மாதம். ஒன்றரை கிலோமீட்டர்கூட முழுதாக இல்லாத ஒரு பாதைக்காக ஒரு நாட்டின் முதன்மை விமான நிலையம் அத்தனை காலம் பேருந்தில் ஓடியது.

இது ஒரு நிர்வாகத்தின் கதை மட்டுமல்ல. இவ்வகை வண்டிகளுக்கு ஆயுள் இருபத்தைந்து, முப்பது ஆண்டு. கட்டடமோ எழுபது ஆண்டு நிற்கும். ஆகவே எந்த விமான நிலையமும் தன் வாழ்நாளில் இரண்டு முறையாவது ரயிலை முழுதாக மாற்றியாக வேண்டும். அதுவும் பயணிகள் வந்து போய்க்கொண்டிருக்கும்போதே. மெட்ரோ ரயிலைப் போல யாரிடமும் போய்ப் பெட்டி வாங்கிப் பூட்டிவிட முடியாது. ஒரு நிறுவனத்தின் நடு உத்தரத்தில் இன்னொரு நிறுவனத்தின் வழிகாட்டிச் சக்கரம் பொருந்தாது. முதல் நாள் யாரிடம் வாங்கினோமோ அவர்களோடுதான் ஆயுள் முழுக்கக் குடும்பம் நடத்த வேண்டும், அல்லது பாதையையே பெயர்க்க வேண்டும். வெஸ்டிங்ஹவுஸின் போக்குவரத்துப் பிரிவு பின்னாளில் ஏஇஜி, ஆட்டிரான்ஸ், பாம்பார்டியர் என்று கைமாறி 2021-இல் ஆல்ஸ்டத்திடம் வந்தது. பெயர் எத்தனை மாறினாலும் நடு உத்தரம் பழசுதான்.

சிங்கப்பூரின் சாங்கி இதில் முன்யோசனையோடு நடந்துகொண்டது. அங்கே 1990-இல் இரண்டாவது முனையத்தோடு வந்த ஸ்கைடிரெயினை, மூன்றாவது முனையம் 2008 ஜனவரியில் திறப்பதற்கு முன்பே மாற்றி, மிட்சுபிஷியின் புதிய வண்டிகளைப் போட்டார்கள். பழசு படுத்துக்கொள்ளும்வரை காத்திருக்கவில்லை. சாங்கியில் இன்னொரு நுட்பமும் உண்டு. குடியேற்றச் சோதனை முடித்தவரும் முடிக்காதவரும் கலக்கவே கூடாது. அதனால் இரு தரப்புக்கும் தனித்தனிப் பெட்டி, தனித்தனி நடைமேடை. 2019-இல் திறந்த ஜுவல் கட்டடத்தின் 40 மீட்டர் உள்ளரங்க அருவியை ஒட்டி அந்த ரயில் கடக்கும்போது குழந்தைகள் ஒரு பக்கமாகக் குவிவதைப் பார்க்கலாம்.

டல்லாஸ் வேறு விதத்தில் கற்றது. 1974-இல் அங்கே ஓடத் தொடங்கிய ஏர்டிரான்ஸ், அக்காலத்துக்கு மிகப் பெரிய கனவு. பயணி, ஊழியர், பெட்டி, தபால், குப்பை, எல்லாவற்றையும் ஒரே தானியங்கிப் பாதையில் அனுப்பலாம் என்றார்கள். பெட்டிகளும் தபாலும் விரைவிலேயே கழன்றுகொண்டன. பயணிகளுக்கோ அது ஒருவழி வளையம். பக்கத்துக் கட்டடம் பின்னால் இருந்தால் முழு வட்டம் சுற்றிவர வேண்டும். 2005-இல் அதன் இடத்துக்கு வந்த ஸ்கைலிங்க், சுமார் 8 கிலோமீட்டர் இரட்டைப் பாதையில் இரு திசையிலும் ஓடுகிறது. எந்த முனையத்திலிருந்து எந்த முனையத்துக்கும் பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். ஒரு பக்கம் அடைபட்டாலும் மறுபக்கம் சுற்றிப் போக வழியுண்டு. வளையத்தின் உண்மையான பயன் அதுதான்.

ரயிலைத் தவிர்க்கப் பார்த்தவர்களும் உண்டு. 1962-இல் திறந்த வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தில் கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென், காத்திருக்கும் அறையையே சக்கரத்தில் ஏற்றி விமானத்துக்கு ஓட்டிப் போகச் செய்தார். சுமார் நூறு பேர் ஏறும் நடமாடும் கூடம். 747 வந்ததும் ஒரு விமானத்துக்கு நாலு கூடம் தேவைப்பட்டது. 2010-இல் அங்கேயும் ரயில் வந்துவிட்டது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1984-இல் காந்தத்தால் மிதக்கும் வண்டி, பாதையிலிருந்து 15 மில்லிமீட்டர் எழும்பி 600 மீட்டர் ஓடியது. வணிக ரீதியில் ஓடிய முதல் காந்த மிதவை ரயில் அதுதான். உலகில் வேறெங்கும் இல்லாத வண்டிக்கு உதிரி பாகம் எங்கே கிடைக்கும்? 1995-இல் மூடினார்கள். 2003-இல் அதே பாதையில் கம்பிவடத்தால் இழுக்கப்படும் வண்டி வந்தது. சூரிச்சில் ஓடுபாதைக்கு அடியில் போகும் ஸ்கைமெட்ரோவும் கம்பிவட வண்டிதான். சக்கரத்துக்குப் பதில் காற்று மெத்தையின் மேல் வழுக்கிச் செல்கிறது. சுரங்கத்துக்குள் மாட்டு மணியும் பசுவின் குரலும் ஒலிபெருக்கியில் கேட்கும்.

ஓட்டுநர் இல்லாத வண்டியென்றால் பயணிக்கு எழும் அச்சம் நியாயமானது. அதை ஒதுக்கிவிடக் கூடாது. நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலைய ரயில் திறப்பதற்கு முன், 2002 செப்டம்பர் 27 அன்று சோதனை ஓட்டத்தில் தடம் புரண்டு ஓர் இளைஞர் உயிரிழந்தார். பயணிகளின் எடைக்கு ஈடாகப் பெட்டியில் கான்கிரீட் பலகைகளை அடுக்கியிருந்தார்கள், அவற்றைக் கட்டிவைக்கவில்லை. வளைவில் வண்டி தடம்விட்டபோது அவை சரிந்து, வண்டியை இயக்கிய அந்த இளைஞரை நசுக்கின. ரயில் 2003 டிசம்பரில்தான் திறந்தது. தானியங்கி முறை பிழை செய்ததால் நேர்ந்த சாவு அல்ல அது. ஆனாலும் ஒரு பொறியின் பாதுகாப்பு அதன் கணினியோடு முடிந்துவிடுவதில்லை. சோதிப்பவர்கள் சுமையை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதிலும் அது இருக்கிறது.

விமான நிலையங்கள் இந்தத் துறைக்குச் சோதனைச்சாலையாகவும் இருந்திருக்கின்றன. பழைய முறையில் பாதையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு ரயில் இருந்தால் அடுத்ததை உள்ளே விட மாட்டார்கள். துண்டின் நீளம்தான் இடைவெளியின் எல்லை. புதிய முறையில் ஒவ்வொரு ரயிலும் தான் இருக்கும் இடத்தையும் வேகத்தையும் ரேடியோ வழியே விடாமல் சொல்லிக்கொண்டே போகிறது. பின்னால் வரும் ரயில், முன்னது திடீரென நின்றால் தானும் நிற்கப் போதுமான தூரத்தை மட்டும் விட்டு நெருங்கலாம். அந்த ரேடியோ முறை பயணிகள் சேவையில் முதலில் ஓடியது 2003 பிப்ரவரியில், சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தின் ஏர்டிரெயினில். இன்று உலகெங்கும் புதிய மெட்ரோக்களுக்கு அதுதான் அடிப்படை.

இந்தியாவில் எந்த விமான நிலையத்துக்குள்ளும் இத்தகைய ரயில் இன்னும் ஓடவில்லை. டெல்லியில் ஓடுபாதைகளுக்கு இரு புறமும் பிரிந்து கிடக்கும் முதல் முனையத்தையும் மூன்றாவது முனையத்தையும் இணைக்க, 7.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒன்றைத் திட்டமிட்டு 2024-இல் ஏலம் கோரினார்கள். அதுவரை முனையம் மாறுபவருக்குப் பேருந்தும் டாக்சியும்தான்.

ஆனால் ஓட்டுநர் இல்லாத ரயில் நாட்டுக்குள் நகரத்தின் வழியாக வந்துவிட்டது. 2020 டிசம்பரில் டெல்லி மெட்ரோவின் மெஜந்தா தடத்தில் தொடங்கியது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கான ரயில்களும் ஓட்டுநர் இல்லாமல் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவையே. முதல் ரயில் 2024 அக்டோபரில் பூந்தமல்லி பணிமனைக்கு வந்து சேர்ந்தது. அதைச் செய்தது, டாம்பா வண்டியின் வாரிசுரிமை இன்று யாரிடம் இருக்கிறதோ அதே ஆல்ஸ்டம் நிறுவனம். செய்த இடம் சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டி. சோதனை ஓட்டங்களில் பொறியாளர்கள் அளந்து பார்ப்பவை பழைய எண்களைத்தான்: நடைமேடைக் கதவும் பெட்டிக் கதவும் எத்தனை சென்டிமீட்டர் பிசகுகின்றன, நின்று கிளம்ப எத்தனை விநாடி, ஒரு ரயிலுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி.